பைக்கில் பேட்டரி வோல்ட் மீட்டர் பொருத்துவது எப்படி: வயர் தேடுவதில் இருந்து எண்ணைப் படிப்பது வரை

வால்பாறையில் இருந்து ஆழியாறுக்கு இறங்கும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். கீழே அணை தெரியும் ஒரு திருப்பத்தில் படம் எடுக்க வண்டியை நிறுத்தினேன். திரும்பி வந்து செல்ஃப் பட்டனை அமுக்கினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கிக்கரை உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்தது. இறக்கமாக இருந்ததால் இரண்டாவது கியரில் உருட்டி ஒருவழியாக எஞ்சினை எழுப்பி, பொள்ளாச்சி வரை எங்கும் நிறுத்தாமல் வந்தேன். அங்கே மெக்கானிக் அண்ணன் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். எஞ்சின் ஓடும்போதே பேட்டரியில் 12.1 வோல்ட்தான், 14-ஐ ஒட்டி இருக்க வேண்டியது. பேட்டரிக்கு ஏறும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்குப் போகும் கப்ளரில் (வயர்களை இணைக்கும் பிளக்) ஒரு பின் கருகியிருந்தது. அரை மணி நேர வேலை. காலையில் வால்பாறையில் கிளம்பும்போதே அந்த 12.1 என் கண்ணில் பட்டிருந்தால் அங்கேயே சரி செய்திருப்பேன்.

பழைய புல்லட் ஓட்டியவர்களுக்கு இது புதிய விஷயம் இல்லை. ஹெட்லைட் கூட்டின் மேல் சின்ன வட்டமாக ஓர் அம்மீட்டர் இருக்கும். முள் கழித்தல் பக்கம் சாய்ந்தால் பேட்டரியில் இருந்து மின்சாரம் வெளியே போகிறது, கூட்டல் பக்கம் சாய்ந்தால் உள்ளே வருகிறது. இன்றைய வண்டிகள் பலவற்றில் அந்த முள்ளும் இல்லை, கிக்கரும் இல்லை. 2021-இல் வந்த ராயல் என்ஃபீல்டின் புதிய கிளாசிக் 350-இல் கிக்கரே கிடையாது. 2017 ஏப்ரலில் இருந்து விற்கும் வண்டிகளில் எஞ்சின் ஓடும்வரை முன்விளக்கை அணைக்கவும் முடியாது. 2020-இல் பி.எஸ்.6 என்ற புகை விதி வந்ததும் பெரும்பாலான பைக்குகள் கார்புரேட்டரை விட்டு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அதில் பெட்ரோல் பம்பு சுழலவே பேட்டரி வேண்டும். பேட்டரியை நம்பி ஓடும் வண்டியில் பேட்டரியின் நிலையைச் சொல்ல எதுவுமே இல்லை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பேட்டரியின் வோல்ட்டைக் காட்டும் ஒரு சின்ன மீட்டரைப் பொருத்துவது சில நூறு ரூபாய்க்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடிகிற வேலைதான்.

நான் வேலை செய்தது என் பழைய கிளாசிக் 350-இல். கிக்கர் உள்ள மாடல், 12 வோல்ட் 14 ஆம்பியர் அவர் (பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி. மற்ற பைக்குகளுக்கும் முறை இதேதான், வயர்களின் நிறமும் இடமும் மட்டும் மாறும்.

எந்த மீட்டர்

கடையில் கிடைப்பவை இரண்டு வகை. இரண்டு வயர் மீட்டரில் சிவப்பும் கறுப்பும் மட்டும் இருக்கும். எந்த லைனில் இருந்து மின்சாரம் எடுக்கிறதோ அதே லைனை அளக்கும். மூன்று வயர் மீட்டரில் கறுப்பு போக, இயங்குவதற்கு ஒரு வயர், அளப்பதற்குத் தனியாக மெல்லிய ஒரு வயர். அது வெள்ளை, மஞ்சள் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இதில் நிறத்தை நம்பி இணைக்காதீர்கள், அட்டையில் உள்ள படத்தைப் பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் எரிந்துபோகும் மீட்டர்களும் உண்டு.

முதல் தடவை செய்பவர்கள் இரண்டு வயர் மீட்டரே வாங்குங்கள். ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: தண்ணீர் புகாதபடி மூடிய வட்ட மாடலாக இருக்கட்டும். திறந்த சர்க்யூட்டாக வரும் சின்னச் சதுர மீட்டர் விலை குறைவுதான், ஆனால் ஒரு ஐப்பசி மழையைத் தாங்குவது கஷ்டம். அதுதான் கையில் இருக்கிறது என்றால் பின்பக்கத்தை சிலிகான் பசையால் மூட வேண்டும். அந்தப் பசையிலும் ஒரு விஷயம் கவனியுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிகான் செம்பை அரித்துவிடும். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கான, வாடை இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

எழுத்தின் நிறமும் முக்கியம். நீலமும் வெள்ளையும் இரவில் கண்ணைக் கூசும். சிவப்பு இரவில் கண்ணுக்கு இதம், உச்சி வெயிலில் கொஞ்சம் மங்கும். நான் சிவப்பே வாங்கி நிழல் விழும் இடத்தில் வைத்தேன்.

மீட்டர் தவிர வேண்டியவை: இன்லைன் ஃப்யூஸ் ஹோல்டர் (வயரின் நடுவிலேயே ஃப்யூஸ் வைக்கும் கூடு), 1 ஆம்பியர் ஃப்யூஸ் நான்கைந்து, 0.5 சதுர மில்லிமீட்டர் வயர் சிவப்பிலும் கறுப்பிலும் தலா இரண்டு மீட்டர், லக்குகள் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனைகள்), ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் (சூடு காட்டினால் சுருங்கி வயரை இறுக்கும் குழாய்), வயர் மேல் போர்த்தும் கறுப்பு ஸ்லீவ், கேபிள் டை, நல்ல இரட்டைப் பக்க டேப், ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் ஒரு நடை நடந்தால் எல்லாம் கிடைக்கும். மற்ற ஊர்களில் வைண்டிங் கடையிலும் எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கேளுங்கள். மல்டிமீட்டர் மட்டும் இரவல் வாங்காமல் சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்குப் பிறகும் அது கூடவே இருக்கும்.

பேட்டரியில் நேரடியாக ஏன் கொடுக்கக் கூடாது

பேட்டரியின் இரண்டு முனையில் இரண்டு வயரை மாட்டினால் மீட்டர் எரியும், வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் அது இரவும் பகலும் எரிந்துகொண்டே இருக்கும். இந்தச் சின்ன எல்.இ.டி. மீட்டர் ஏறக்குறைய 15 மில்லி ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.36 ஆம்பியர் அவர். 8 ஆம்பியர் அவர் பேட்டரி உள்ள வண்டியைப் பதினோரு நாள் எடுக்காமல் விட்டால் பாதி பேட்டரி காலி. பேட்டரியைக் காப்பாற்ற வைத்த மீட்டரே அதைத் தின்றுவிடும். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் லைனில்தான் இதைக் கொடுக்க வேண்டும்.

அந்த லைனைக் கண்டுபிடிப்பது

இந்த வேலையில் பொறுமை வேண்டிய இடம் இதுதான். இணையத்தில் யாரோ சொன்ன வயர் நிறத்தை நம்பாதீர்கள். ஒரே மாடலிலும் வருடத்துக்கு வருடம் நிறம் மாறியிருக்கும், முன்பு வைத்திருந்தவர் வயரிங்கில் கை வைத்திருக்கலாம்.

முன்விளக்கைத் திறந்தால் உள்ளே கப்ளர்கள் வரிசையாக இருக்கும். மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட் அளவில் வையுங்கள். கறுப்பு முனையை ஒரு நீள வயர் வழியாகப் பேட்டரியின் நெகட்டிவ்வோடு இணைத்துவிடுங்கள். சிவப்பு முனையை ஒவ்வொரு கப்ளரின் பின்பக்கமாக மெதுவாகச் செருகிப் பாருங்கள். வயரைக் குத்தி ஓட்டை போட வேண்டாம், அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் போய்ப் பின்னால் பச்சை பூத்துவிடும்.

உங்களுக்கு வேண்டிய வயர் மூன்று சோதனைகளில் தேற வேண்டும். சாவியை அணைத்தால் சுழி. சாவி போட்டால் 12-க்கு மேல். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஹாரன், பிரேக், இண்டிகேட்டர் எதை அமுக்கினாலும் அந்த மின்சாரம் விட்டுப்போகாமல் இருக்க வேண்டும்.

எனக்கு வசதியாக இருந்தது முன் பிரேக் லிவரின் சுவிட்சுக்கு வரும் வயர். அந்த சுவிட்சில் இரண்டு வயர் உண்டு. ஒன்றில் சாவி போட்டவுடன் எப்போதும் மின்சாரம் இருக்கும், இன்னொன்றில் பிரேக் பிடித்தால்தான் வரும். முதலாவதை எடுங்கள். ஹேண்டில்பாருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நீள வயர் இழுக்க வேண்டியதில்லை. பின்விளக்கு லைனும் பல வண்டிகளில் சரிப்படும்.

ஹாரனில் எடுக்கும்போது மட்டும் சோதித்துவிட்டு எடுங்கள். சில வண்டிகளில் ஹாரனுக்கு எப்போதும் பாசிட்டிவ் வந்துகொண்டிருக்கும், பட்டன் எர்த் (நெகட்டிவ் இணைப்பு) கொடுக்கும். வேறு சில வண்டிகளில் இது தலைகீழ். இண்டிகேட்டர் லைன் வேண்டவே வேண்டாம், மீட்டரும் கூடவே மினுக்கும். பழைய 100 சி.சி. வண்டிகள் பலவற்றில் முன்விளக்கு பேட்டரியில் எரியாது, எஞ்சின் சுழலும்போது மின்சாரம் தயாரிக்கும் மேக்னட் காயிலில் இருந்து நேராக ஏ.சி. மின்சாரத்தில் எரியும். அதில் மீட்டரைக் கொடுத்தால் கன்னாபின்னா எண் வரும், மீட்டரும் போகலாம்.

இணைப்பு வேலை

சாவியை எடுத்துவிடுங்கள். பேட்டரியில் முதலில் நெகட்டிவ்வைக் கழற்றுங்கள், அப்புறம் பாசிட்டிவ். காரணம் எளிது. வண்டியின் சட்டம் முழுக்க நெகட்டிவ்வோடு சேர்ந்தது. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ் போல்ட்டைத் திருகும் ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும். திரும்ப மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில்.

தேர்ந்தெடுத்த வயரில் இருந்து கிளை எடுக்க மூன்று வழி. வண்டி இன்னும் வாரன்டியில் இருந்தால் ஒரிஜினல் வயரிங்கை வெட்டவே வேண்டாம். அந்தக் கப்ளருக்கு ஏற்ற ஆண், பெண் இரண்டும் வாங்கி நடுவில் ஒரு சின்ன இணைப்பு வயர் செய்து, அதில் கிளை எடுங்கள். வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம், வண்டி பழையபடி இருக்கும். இரண்டாவது, வயரின் மேல் உறையை ஒரு சென்டிமீட்டர் அளவு மட்டும் சீவி, புது வயரைச் சுற்றி ஈயம் வைத்து, மேலே இன்சுலேஷன் செய்வது. இந்த இடத்தில் ஷ்ரிங்க் ட்யூப் நுழையாது என்பதால் நல்ல டேப்பை இறுக்கமாகச் சுற்றி, பக்கத்து வயர்களோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். ஈயம் ஊறிய வயர் வளையாது, அதிர்வில் அதன் ஓரத்தில்தான் ஒடியும். ஆடாமல் கட்டிவைத்தால் அந்தக் கவலை இல்லை. மூன்றாவது, கடைகளில் விற்கும் நீலநிறக் கிளிப். வயரைக் கடித்துப் பிடிக்கும், பத்து வினாடி வேலை. பைக்கின் அதிர்விலும் மழையிலும் அது கொஞ்ச நாளில் தளர்ந்துவிடுகிறது. நான் பயன்படுத்துவதில்லை, உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

கிளை எடுத்த இடத்தில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் ஹோல்டர் வந்துவிட வேண்டும். ஃப்யூஸ் மீட்டரைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்ற. வயர் எங்காவது நசுங்கிச் சட்டத்தில் பட்டால், ஃப்யூஸுக்கு முன்னால் உள்ள பகுதிக்குத் துணை இல்லை. அதனால் அந்தப் பகுதி எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. இன்னொன்று, உங்கள் 1 ஆம்பியர் ஃப்யூஸ் போனால் மீட்டர் மட்டும் அணையும். அது இல்லாவிட்டால் வண்டியின் ஃப்யூஸே போய், நடுரோட்டில் நின்றுவிடும்.

எர்த் விஷயத்தில் பலர் தவறுகிறார்கள். ஹேண்டில்பாரில் ஏதாவது ஒரு போல்ட்டில் கறுப்பு வயரைக் கட்டிவிடுவார்கள். ஹேண்டில்பாருக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருப்பது கிரீஸ் பூசிய பேரிங். அதன் வழியாக வரும் எர்த்தை நம்ப முடியாது, ஹேண்டிலைத் திருப்பினால் எண் ஆடும். கப்ளரிலேயே உள்ள எர்த் வயரைச் சோதித்து எடுங்கள், அல்லது பேட்டரியின் நெகட்டிவ்வில் இருந்தே ஒரு வயர் இழுங்கள்.

அப்படி இழுக்கும்போது டாங்குக்கு அடியில் செல்லும் முக்கிய வயரிங்கை ஒட்டியே ஸ்லீவ் போட்டுக் கொண்டுபோங்கள். சிலிண்டர் தலையின் சூடு படக் கூடாது. ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் கொஞ்சம் தளர்வு விடுங்கள். கட்டுவதற்கு முன் ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி, வயர் எங்கும் இழுபடாமலும் நசுங்காமலும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு முறை பாருங்கள்.

மீட்டரை ஒட்டும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, இரட்டைப் பக்க டேப்பால் அழுத்தி ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துத்தான் அந்த டேப் முழுப் பிடி பிடிக்கும். ஹெட்லைட் கூட்டில் துளை போடாதீர்கள், அந்த ஓட்டையில்தான் துரு ஆரம்பிக்கும். கண்ணாடித் தண்டில் மாட்டும் சின்னப் பட்டை கிடைத்தால் அதுவும் நல்ல இடம்.

மீட்டர் உண்மை சொல்கிறதா

இதைச் செய்யாமல் விட்டால் மற்றதெல்லாம் வீண். சாவியைப் போட்டு, மீட்டரின் இரண்டு வயர் சேரும் இடத்திலேயே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே எண் காட்ட வேண்டும். என் மீட்டர் 0.3 வோல்ட் கூடுதலாகக் காட்டியது. சில மீட்டர்களின் பின்னால் சின்னத் திருகு ஒன்று இருக்கும், மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் துளித் துளியாகத் திருப்பினால் எண் நகரும். மூடிய மாடலில் அது இருக்காது. வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்து, அதே நேரத்தில் மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வையுங்கள். இங்கே ஒரு வித்தியாசம் வரும். பேட்டரியில் இருந்து சாவி சுவிட்ச், கப்ளர்கள், பல அடி வயர் என்று கடந்து வருவதற்குள் கொஞ்சம் வோல்ட் குறைந்துவிடும். 0.1, 0.2 வரை சாதாரணம். எனக்கு 0.4 குறைந்தது. யோசித்துப் பார்த்தால் அது மீட்டரின் குறை இல்லை, என் சாவி சுவிட்சின் தொடுமுனைகள் கறுத்திருந்தன. கழற்றிச் சுத்தம் செய்ததும் 0.15-க்கு வந்தது. ஹாரனும் அன்று முதல் பழையபடி உரக்க அடித்தது. வெறும் எண் பார்க்க வைத்த மீட்டர், நான் கண்டுகொள்ளாமல் விட்ட ஒரு பழுதைக் காட்டிக்கொடுத்தது.

சுத்தம் செய்தும் குறையாவிட்டால் மூன்று வயர் மீட்டருக்கு மாறலாம். இயங்கும் வயரைச் சாவி லைனில் கொடுத்து, அளக்கும் வயரைத் தனி ஃப்யூஸ் வைத்துப் பேட்டரி பாசிட்டிவ்வுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வயர் இழுக்கும் மின்சாரம் மிகமிகச் சொற்பம் என்பதால் எப்போதும் இணைந்திருந்தாலும் பேட்டரிக்குப் பாதகம் இல்லை.

எண்ணைப் படிப்பது

மூன்று நேரங்களில் பார்க்கப் பழகுங்கள்: சாவி போட்டதும், செல்ஃப் சுழலும்போது, வண்டி ஓடும்போது.

12 வோல்ட் ஈய-அமில பேட்டரிக்குள் ஆறு அறைகள், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட்டை ஒட்டி. அதனால் முழுதாகச் சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 முதல் 12.8 வரை காட்டும். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். வண்டி ஓட்டி நிறுத்திய உடனே பார்த்தால் மேலோட்டமான சார்ஜால் எண் கூடுதலாக இருக்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் பார்க்கும் எண்தான் உண்மையானது. அதுவும் சாவி போட்டதும், விளக்குச் சுமை இழுப்பதற்குள் தெரியும் முதல் எண்.

ராத்திரி 12.6, காலையில் 12.2 என்று இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால், ஒன்று பேட்டரி சார்ஜைத் தாங்கவில்லை, அல்லது ஏதோ ஒன்று சாவி அணைத்த பிறகும் மின்சாரம் குடிக்கிறது. அலாரம், ஜி.பி.எஸ்., மொபைல் சார்ஜர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். குறைந்த சார்ஜிலேயே நாள்கணக்கில் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய சக்தி திரும்பாது.

செல்ஃப் சுழலும்போது எண் சட்டென்று விழும், பயப்பட வேண்டாம். பத்துக்கு மேல் நின்றால் நல்லது. 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியின் நாள் நெருங்கிவிட்டது, அல்லது முனைகளில் துரு ஏறியிருக்கிறது. முதலில் முனைகளைச் சுத்தம் செய்து இறுக்கிப் பாருங்கள். இந்தச் சின்ன மீட்டர்கள் மெதுவாகத்தான் எண்ணை மாற்றும் என்பதால் மிகக் குறைந்த அளவு தெரியாமலும் போகும். ஒவ்வொரு காலையும் ஒரே மாதிரி விழுகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஓடும்போது பார்ப்பதுதான் வெளியூர்ப் பயணத்தில் உயிர். ஐடிலில் முன்விளக்கோடு 13-ஐ ஒட்டி இருக்கலாம், கொஞ்சம் கீழேயும் இறங்கலாம். ஆக்சிலரேட்டரைத் திருகி நிமிடத்துக்கு 3000 சுழற்சிக்கு மேல் போனால் 13.8-இல் இருந்து 14.5-க்குள் வந்து நிற்க வேண்டும். இண்டிகேட்டர் போட்டால் 0.1, 0.2 துள்ளுவது இயல்பு.

நெடுஞ்சாலை வேகத்திலும் 12.5-ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. எஞ்சினை அணைக்காதீர்கள். மொபைல் சார்ஜர், கூடுதல் விளக்குகளை அணைத்துவிட்டு அருகில் உள்ள மெக்கானிக்கிடம் போங்கள். முதலில் மேக்னட் காயிலுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே உள்ள கப்ளரைப் பார்க்கச் சொல்லுங்கள். உருகியோ பழுப்பேறியோ இருந்தால் பெரும்பாலும் பழுது அங்கேதான். அது நன்றாக இருந்தால் காயிலைச் சோதிக்க வேண்டும். மூன்று வயர் காயிலில் எந்த இரண்டு வயருக்கு நடுவிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஏ.சி. வோல்ட் வர வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் காயில் போய்விட்டது.

எண் 15-ஐத் தாண்டுவது இதைவிட ஆபத்து. ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது என்று பொருள். பேட்டரி கொதிக்கும், அழுகிய முட்டை நாற்றம் வரும், பல்புகள் ஒவ்வொன்றாகப் போகும். வேகத்தைக் குறைத்து, சுழற்சியை ஏற்றாமல், ஹை பீமைப் போட்டுக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போங்கள். நாற்றம் வந்துவிட்டால் ஓட்டவே வேண்டாம், நிறுத்திவிடுங்கள். பேட்டரிப் பக்கம் பீடி, சிகரெட், லைட்டர் எதுவும் போகக் கூடாது. வெளிவரும் வாயுவில் ஹைட்ரஜன் இருக்கிறது.

லித்தியம் பேட்டரி போட்டவர்களுக்கு ஓய்வுநிலை எண்கள் இவை பொருந்தாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை ஓய்ந்திருக்கும்போதே 13.2, 13.3 காட்டும், காலியாகும் தறுவாய் வரை அதிகம் இறங்காது. அதில் 12.6 என்று பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

பொருத்தி இரண்டு வாரம் ஓட்டிய பிறகு டைகளையும் ஃப்யூஸ் ஹோல்டரையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், தளர்ந்தவை அப்போது தெரியும். கூடவே ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் தேதியையும் உங்கள் வண்டியின் மூன்று எண்களையும் எழுதி சைடு பேனலின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துச் சந்தேகம் வந்தால் ஒப்பிட அதுதான் உதவும். என் பேனலில் உள்ள எண்கள்: காலையில் 12.7, செல்ஃப் சுழலும்போது 10.3, ஓடும்போது 14.2.